நெப்பியர் பாலம் முதல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மாரத்தான் என்னும் சொல் இன்று எல்லாரும் அறிந்த சொல்லாகிவிட்டது. ஒருவர் நெடுநேரம் பேசினால் மாரத்தான் பேச்சு என்கிறார்கள். தேர்வுக்கு முன் எங்களுக்கு வைக்கும் தொடர் வகுப்புகளைக்கூட மாரத்தான் வகுப்பு என்று நாங்களே கேலி செய்வதுண்டு. ஆனால் அந்த ஓட்டத்தை உண்மையாகவே ஓடுகிறவர்கள் வழியில் என்னென்ன அனுபவிக்கிறார்கள் என்பதை, வாழவந்தி போன்ற மலையூரில் வாழும் நம்மில் பலர் அறியோம். அதை அறியும் வாய்ப்பு இவ்வாண்டு எங்கள் வகுப்புக்குக் கிட்டியது. நம் பள்ளியில் படித்து, இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவி ஒருவர், 2024 ஜனவரியில் நடைபெற்ற சென்னை மாரத்தானில் முழுத் தொலைவையும் ஓடி முடித்தவர், நம்மைக் காண வந்திருந்தார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறோம். அவர் கூறியவற்றையும் நாங்கள் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மாரத்தானின் தொலைவு 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். நம் மைதானத்தின் 200 மீட்டர் ஓடுபாதையில் ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 211 சுற்றுகள் வரும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு வந்து சேர்ந்தால் சுமார் 30 கிலோமீட்டர். அதன்பின்னும் திரும்பி, வந்த வழியே பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்களுள் ஒருத்தி, "பஸ்ஸில் போனாலே எனக்குத் தலை சுற்றுமே!" என்றாள்.

கி.மு. 490-இல் மாரத்தான் என்னும் சமவெளியில் நடந்த போரின் வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஏதென்சு நகருக்கு ஓடிச் சென்று சொல்லி உயிர்விட்டான் என்ற கதையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கதையாகவே இருக்கலாம். போர் நடந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரே அவ்வாறு எழுதப்பட்டது. 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி அளந்தார்கள். அந்த அளவே பின்னர் 1921-இல் உலகுக்கெல்லாம் விதியாயிற்று. ஓர் அரண்மனையின் வசதிக்காகக் கூட்டிய தூரத்தை ஏற்காட்டுப் பெண் ஒருத்தியும் சென்னையில் ஓடித் தீர்க்க வேண்டியிருக்கிறது!

இனி அக்கா கூறியதற்கு வருவோம். ஓட்டம் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. அவர் இரண்டு மணிக்கே எழுந்து, இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டு, மெரினாவின் வடகோடியில் உள்ள நெப்பியர் பாலத்தை அடைந்தார். சட்டையின் முன்புறம் எண் அட்டையை நான்கு ஊக்குகளால் குத்தியிருந்தார். ஓடுபவர் கோட்டைத் தாண்டும் நேரத்தையும் முடிவைத் தொடும் நேரத்தையும் தானாகக் குறித்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்று அந்த அட்டையோடு இணைந்திருக்குமாம். ஆயிரக்கணக்கானோர் நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவர் கோட்டை அடையவே சில நிமிடங்கள் ஆகிவிடும். அந்த நிமிடங்கள் அவர் கணக்கில் சேராமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. அங்கே அவர் கண்ட முதல் அதிசயம் என்ன தெரியுமா? கழிவறைக்கு நின்ற நீண்ட வரிசைதான். "பரீட்சை ஹாலுக்கு முன்னாடி எல்லாருக்கும் வயிறு கலக்குமே, அதே மாதிரிதான் கண்ணு. டாக்டர், வக்கீல், போலீஸ், எல்லாரும் ஒரே வரிசையில நின்னோம்" என்று அவர் சொன்னபோது சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

தொடக்கத்தில்தான் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்களாம். கூட்டத்தின் உற்சாகம், மேளச் சத்தம், கடற்காற்று எல்லாம் சேர்ந்து கால்களை இழுத்துக்கொண்டு போகும். மூச்சு வாங்காது, களைப்பே தெரியாது. அப்போது வேகத்தைக் கூட்டியவர் பின்னால் அதற்கு வட்டியும் முதலும் கட்ட வேண்டியிருக்கும். இதற்காகவே வேகங்காட்டிகள் என்று சிலர் ஓடுகிறார்கள். 'ஐந்து மணி', 'ஐந்தரை மணி' என்று எழுதிய சிறு கொடியைப் பிடித்துக்கொண்டு, குறித்த நேரத்தில் முடிக்கும் வகையில் ஒரே சீராக அவர்கள் ஓடுவார்கள். அக்கா ஐந்தரை மணிக் கொடியின் பின்னால் ஒட்டிக்கொண்டார். காமராசர் சாலை இருட்டில் கடல் தெரியவில்லை, ஓசை மட்டும் கேட்டது. சாந்தோம் பேராலயத்தைக் கடக்கும்போது ஓடிக்கொண்டே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பக்கத்தில் ஓடிய முன்பின் தெரியாத ஒருவர், "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க" என்றாராம்.

சாலையோரம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு முறை மேசை போட்டுத் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை முதலியன கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் கல்லூரி மாணவ மாணவியர். தூக்கத்தைவிட்டு மூன்று மணிக்கே வந்து நின்றவர்கள். தண்ணீரை எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறாம். வியர்வையில் நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. தாகத்துக்கு மிஞ்சி வெறுந்தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து நேரும். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓர் இளம்பெண் இவ்வாறு இறந்தார். அவ்வாண்டு ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு குறைந்திருந்தது என்று 2005-இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அக்கா ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர் ஆகையால் இதை எங்களுக்குப் படம் போட்டே விளக்கினார். நம் வீட்டில் வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்களுக்கு நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தனுப்பும் பாட்டிமார் எந்த மருத்துவ இதழையும் படித்தவர்கள் அல்லர்!

மலையில் வளர்ந்தவருக்குச் சென்னை எளிதாக இருந்திருக்குமே என்று கேட்டோம். கால் வலுவும் நுரையீரல் வலுவும் மலை தந்ததுதான் என்றார். ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் மேலே உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் இங்கே ஓடிப் பழகிய நெஞ்சுக்குக் கீழே காற்று தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சென்னையின் ஈரக்காற்று வேறு விதத்தில் பழி வாங்கியது. உடம்பு குளிர வேண்டுமானால் வியர்வை உலர வேண்டும். சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை உலராமல் சொட்டுச் சொட்டாக வழிந்து வீணாகிறது. ஆறரை மணியளவில் கதிரவன் எழுந்தான். எட்டு மணிக்கெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் காயத் தொடங்கிவிட்டது. அங்கே இலவம் இல்லை, சவுக்கு இல்லை. நம் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஒன்றாவது இருக்கக்கூடாதா என்று நினைத்தாராம்.

மாரத்தான் ஓடியவர்கள் எல்லாரும் கூடிப் பேசினால் அவர்கள் கட்டாயம் பேசுவது ஒன்றைப் பற்றி. அதைச் 'சுவர்' என்கிறார்கள். சாலையில் சுவர் ஏதும் இராது. முப்பது கிலோமீட்டரை ஒட்டி, திடீரென்று ஒரு சுவரில் மோதியதுபோல் உடம்பு நின்றுவிடுமாம். இதற்குக் காரணம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒருவர் உடம்பில் அது மொத்தம் அரைக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஏறத்தாழ 2000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி வீதம் செலவாகிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2100 கலோரி வேண்டும். சேமிப்பு முழுவதையும் எடுத்துவிட உடம்பு சம்மதிப்பதில்லை. மூளைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே நாற்பத்திரண்டுக்குச் சற்று முன்னதாகவே பானை காலியாகிவிடுகிறது. கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மாவுப்பொருள் காய்ந்த சுள்ளி என்றால் கொழுப்பு பச்சை விறகு. எரியும், ஆனால் மெதுவாக, மிகுந்த காற்றை வாங்கிக்கொண்டு எரியும். அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தவர் நடக்கத் தொடங்குகிறார், நடந்தவர் உட்கார்ந்துவிடுகிறார்.

உடம்பு மட்டுமா? அறிவும் அப்போது தடுமாறுகிறதாம். இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற கழித்தல் கணக்கை அக்காவால் போட முடியவில்லை. நாற்பத்திரண்டில் முப்பத்துமூன்று போனால் எத்தனை என்று விரல்விட்டு எண்ணினார். ஒன்றும் நடக்காமலே கண்ணீர் வந்தது. "யாரு என்னை ஓடச் சொன்னது, எதுக்கு இந்த வேலைன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஐந்தரை மணிக் கொடி முன்னால போயிட்டே இருந்துச்சு. கூப்பிடக்கூட குரல் வரலை" என்றார். அந்த வேளையில் அவரை மீட்டது பயிற்சியும் அன்று, வைராக்கியமும் அன்று. நரைத்த தலையும் பின்னலுமாக, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் பின்னாலிருந்து வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார். "அந்த லைட் கம்பம் வரைக்கும் ஓடு, அடுத்த கம்பம் வரைக்கும் நட. கம்பத்தைத் தவிர வேற எதையும் பாக்காதே" என்றார். அப்படியே கம்பம் கம்பமாக இருவரும் ஐந்து கிலோமீட்டர் கடந்தார்கள். பிறகு அந்த அம்மாள், "நீ போம்மா, எனக்கு முட்டி வலிக்குது" என்று நின்றுவிட்டார். அவர் பெயரைக்கூட அக்கா கேட்டு வைக்கவில்லை. எண் அட்டையிலிருந்த எண்ணும் நினைவில்லை.

பெரிய நகரத்து மாரத்தானில் ஓடியவர்களின் அனுபவங்களை நாங்கள் படித்தபோது, வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஆண்டில் ஓடியவர்களும் இதையேதான் திரும்பத் திரும்பக் கூறுவதைக் கண்டோம். நூறு மீட்டர் ஓட்டத்தில் பக்கத்தில் ஓடுபவர் எதிரி. இதில் அப்படி இல்லை. 1981-இல் முதன்முதலாக லண்டன் மாரத்தான் நடந்தபோது, கடைசிவரை ஒருவரையொருவர் விடாமல் முன்னணியில் ஓடிய அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நார்வே நாட்டவரான இங்கே சிமோன்சனும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். அதே ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வந்த ஜாய்ஸ் ஸ்மித்துக்கு வயது 43. இரண்டு குழந்தைகளின் தாய். நம் பெற்றோர் தினத்தில் தாய்மார்களுக்கு வைக்கும் ஓட்டத்தில் பெயர் கொடுக்கத் தயங்கும் அம்மாக்கள் கவனிக்க வேண்டுகிறோம்!

மும்பையில் 2004-இல் தொடங்கி, வழக்கமாக ஜனவரியில் நடக்கும் மாரத்தானிலும் இப்படித்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்து வருபவர்களுக்கு எதிரே பெடர் சாலையின் மேடு வந்து நிற்கும். அங்கே அக்கம்பக்கத்து வீட்டார் குழந்தை குட்டிகளோடு சாலையோரம் நின்று, பிஸ்கட்டும் ஆரஞ்சும் தட்டில் வைத்துக்கொண்டு கைதட்டுவார்களாம். மலைச்சாலையில் பழகிய நமக்கு அது ஒரு மேடே அல்ல. ஆனால் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் வரும் சிறு மேடும் சேர்வராயன் உச்சிதான்.

நார்வேயின் கிரேட்டே வெய்ட்ஸ் பற்றிப் படித்தது எங்களுக்கு மிகவும் பிடித்தது. அவர் ஆஸ்லோ நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1978-இல் நியூயார்க் மாரத்தானுக்குப் போகும்வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. கடைசி மைல்களில் வலி தாங்காமல், தம்மை ஓடச் சொன்ன கணவர் மீது அவருக்குக் கடுங்கோபம் வந்தது. ஓடி முடித்ததும் காலணிகளைக் கழற்றி அவர்மேல் எறிந்துவிட்டு, இனி ஒருபோதும் ஓடமாட்டேன் என்றார். அப்போதுதான் தெரிந்தது, பெண்களில் அதுவரை உலகில் எவரும் ஓடாத வேகத்தில், 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில், முடித்திருக்கிறார் என்று! பிறகு 1988-க்குள் அதே நியூயார்க்கில் மொத்தம் ஒன்பது முறை வென்றார்.

இவ்வளவு பெண்களைப் பற்றிச் சொல்கிறோமே, பெண்கள் இந்த ஓட்டத்துக்குள் வந்த கதையே ஒரு மாரத்தான்தான். 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் பெண்கள் சிலர் களைத்துச் சாய்ந்தார்கள் என்பதைப் பெரிதாக்கி, 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களையே பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். 1960-இல்தான் 800 மீட்டர் மீண்டும் வந்தது. ஓடி முடித்த ஆண்களும் சாய்ந்து விழுவதுண்டு; அதற்காக யாரும் அவர்களுடைய ஓட்டத்தை நிறுத்தவில்லை. 1967-இல் காத்ரின் சுவிட்சர் என்ற கல்லூரி மாணவி, தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணைப் பெற்று ஓடினார். ஓடுவது பெண் என்று கண்ட அதிகாரி ஒருவர் நடுச்சாலையில் பாய்ந்து வந்து அந்த எண் அட்டையைப் பிடுங்க முயன்றார். சுவிட்சர் நிற்காமல் ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் முதன்முதல் நடந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சலிசில். அதில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். ஆனால் அன்று உலகம் பார்த்துக் கண் கலங்கியது 37-ஆவதாக வந்த சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் அவர்களைத்தான். வெப்பத்தால் தாக்குண்டு, உடம்பு ஒரு பக்கமாக வளைய, கடைசிச் சுற்றைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேலாயிற்று. யாராவது தொட்டுத் தூக்கினால் ஓட்டம் செல்லாது என்பதால் மருத்துவர்கள் கூடவே நடந்து வந்தார்கள்; வியர்வை வருகிறது என்று கண்டு, தொடாமல் விட்டார்கள். நம் நாட்டிலும் ஆஷா அகர்வால் 1985-இல் ஹாங்காங் மாரத்தானில் வென்றார். கேரளத்தின் ஓ.பி.ஜெய்ஷா 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார்.

அக்காவின் கதையிலும் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. அவர் பள்ளியில் 800 மீட்டரில் மாவட்ட அளவில் ஓடியவர். பத்தாம் வகுப்பில் நிறுத்திவிட்டார். நிறுத்தச் சொல்லி யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொதுத்தேர்வு வருகிறது என்றார்கள். வயசுப் பெண் ரோட்டில் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருடைய அத்தை கேட்டார். விடியலில் தோட்டச் சாலையில் காட்டெருமை நிற்கும் என்பதும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது ஓட்டம் நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சென்னையில், வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் காலையில் ஓடுவதைக் கண்டு மறுபடி தொடங்கியபோது அவரால் ஒரு கிலோமீட்டர்கூட நிற்காமல் ஓட முடியவில்லை. "நின்னது ஈசிதான் கண்ணு. திரும்ப ஆரம்பிக்கத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அன்று மாலை எங்கள் வகுப்பிலேயே எண்ணிப் பார்த்தோம். ஆறாம் வகுப்பில் விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுக்காதவர்களை விரல்விட்டு எண்ணலாம். இப்போது கொடுப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரிகிறது. ஓட்டம் குறைந்தது எங்களுக்கே தெரியவில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். அக்கா 5 மணி 41 நிமிடத்தில் முடித்தார். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே தயிர்ச்சாதம் சாப்பிட்டார். இரண்டு கால் விரல்களின் நகங்கள் கறுத்து, பின்னர் விழுந்துவிட்டன. மூன்று நாள்களுக்கு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. வீட்டுக்குப் போன் செய்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு, பஸ் கிடைக்கலையா?"

முழு மாரத்தானில் ஓட வேண்டுமென்றால் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். எலும்பு முற்றாத வயதில் அவ்வளவு தூரம் கூடாது என்பதே காரணம். எங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதற்குமுன் ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டங்கள் பல ஊர்களில் உண்டு. ஒரு வாரம் ஓடியதைவிட மறுவாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே பழகுவதற்கு ஏற்ற வேகம், கிழிந்த கான்வாஸில் ஓடக்கூடாது என்று மூன்று விதிகளை அக்கா கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனார். சிஸ்டரிடமும் உடற்பயிற்சி ஆசிரியையிடமும் அனுமதி பெற்றுவிட்டோம். சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு, பனி விலகியதும், மைதானத்தில் ஓடுகிறோம். இப்போதைக்கு எட்டுச் சுற்று. பத்தாம் வகுப்பினர் கணக்குச் சிறப்பு வகுப்புக்கு ஒன்பது மணிக்குள் போய்விடலாம். அம்மாமார்களும் வரலாம், புடவையோடு வந்தால் நடக்கலாம். தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் அவரவர் கொண்டுவர வேண்டும்.